கழி முனையில் ஒரு பச்சைப் புறா

அந்த மரப்பொம்மைப் புறாக்களை அடுத்த வீட்டுக்காரி எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்த கிளையில் மாட்டியது பறவைகளை வரவழைக்கவா, என் மகளை வரவழைக்கவா? அந்த அடுத்த வீட்டுக்காரி இந்த ஊரைவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ஒரு நாள் ஒரு மாதிரி தோன்றுகிறது, மறுநாள் வேறு மாதிரி. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "மரத்துல கிளை எங்க இருக்குதோ அங்கதான மாட்ட முடியும்?" என்கிறார். அவருக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருந்தது. மனசுக்குள் அவள் எனக்கு எப்போதும் அவள்தான்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒட்டினாற்போல இருந்தன. தோட்டத்து மதிலில் ஒரு சின்னக் கதவு, இரண்டு வீட்டுக்கும் பொது. பின்னால் காலி மனையில் ஒரு பெரிய அரசமரம், அதன் கிளைகள் இரண்டு தோட்டத்தின் மேலும் கவிந்திருக்கும். அவள் கணவர் கஜானாவில் குமாஸ்தா. குழந்தை இல்லை. நான் கடலூரில் பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிரெஞ்சுக்காரர்கள் போகவிருந்த சமயம் அது. அவர்கள் போன வருஷம் அமுதா எனக்குக் கைக்குழந்தை.

அவளை முதலில் பார்த்தேன் என்பதைவிட, அவள் கழியைத்தான் முதலில் பார்த்தேன். குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு கோல் தானாக வளர ஆரம்பித்தது. அதன் நுனியில் ஒரு பச்சைப் பறவை. கோல் வளர்ந்துகொண்டே போயிற்று, பறவை ஆடி ஆடி மரத்துக்குள் ஏறியது. தூக்கும் ஆள் கண்ணில் படவில்லை. நான் ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கைக்குழந்தைக்காரி கண்ணில் இப்படியெல்லாம் படலாமா என்றுகூட ஒரு பயம் வந்தது.

பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அப்பா ஒரு பிரெஞ்சு நீதிபதியிடம் எழுத்தராக இருந்தவர். அந்தத் துரைக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊசுட்டேரிப் பக்கம் பச்சைப்புறா சுடப் போகும் பழக்கம். பச்சைப்புறா லேசில் ஒரு மரத்தில் இறங்காதாம். ஏற்கெனவே நாலு புறா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால்தான் நம்பி இறங்கும். அதற்காக மரத்தில் செதுக்கிப் பச்சை பூசின பொம்மைப் புறாக்களை உச்சிக்கிளையில் மாட்டிவைப்பார்கள். துரை கப்பல் ஏறினபோது துப்பாக்கியைக் கொண்டுபோனார், புறாக்களை விட்டுப்போனார். அவை அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்தன. இவளுக்குச் சுடுவதில் ஆசை இல்லை. டவுனுக்குள், தன் வீட்டு மரத்தில், நிஜப் பச்சைப்புறா வந்து உட்கார வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

பெயிண்ட் உரிந்த புறாக்களுக்கு, பிரெஞ்சுக்காரர் வீட்டு ஜன்னல் கதவுகளுக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சையை வாங்கி அடித்தாள். போதாததற்குப் புதிதாகவும் செய்தாள். வைத்திக்குப்பத்தில் கட்டுமரம் செதுக்கும்போது விழும் துண்டுகளைக் கேட்டு வாங்கிவருவாள். பஞ்சு போலக் கனமில்லாத மரம் அது. காய்கறி நறுக்கும் கத்தியாலேயே செதுக்குவாள். முதலில் செய்தது வாத்து மாதிரி இருந்தது. அதையும் மாட்டினாள்.

கழிதான் பெரிய வேலை. அரசமரத்தில் ஏற ஆள் கிடைக்காது, சாமி மரம் என்று யாரும் கால் வைக்கமாட்டார்கள். எனவே மாடியில் நின்றபடியே மாட்ட வேண்டும். அடியில் சவுக்குக் கழி, அதற்கு மேல் மூங்கில்கள், போகப் போக ஒல்லி. ஒரு கழியின் தலையில் குழாய்த் துண்டு, அதற்குள் அடுத்ததன் கால். ஆடாமல் இருக்க சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றியிருப்பாள். முழுக்கோலையும் கோத்து நிமிர்த்தினால் எந்த ஆம்பளையாலும் பிடிக்க முடியாது. அதனால் ஒல்லிக் கழியை முதலில் புறாவோடு தூக்கி, படிக்கட்டுச் சுவரில் சாய்த்து, அதன் அடியில் அடுத்ததைச் செருகி மேலே தள்ளுவாள். மறுபடி அடியில் இன்னொன்று. இப்படித்தான் கோல் தானாக வளர்ந்தது. புறாவின் வயிற்றில் வளைந்த கம்பிக் கொக்கி. அது கிளையில் விழுந்ததும் கோலை மெதுவாக இறக்கினால் புறா அங்கேயே நின்றுவிடும்.

எப்போதும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து முதல் கோல் நடுவில் பிளந்து எங்கள் சமையலறை ஓட்டின் மேல் விழுந்தது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். சிறிது நேரத்தில் அவள் புது ஓடுகளை மார்பில் அடுக்கிக்கொண்டு வந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "குழந்த பயந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை, தூங்கிக்கொண்டிருந்தது என்றேன். "அப்ப நீதான் பயந்துட்ட" என்று சொல்லிவிட்டு ஓடுகளை வைத்துவிட்டுப் போனாள். அது கேலியா, கரிசனமா? அன்று முழுக்க யோசித்தேன்.

தெருவில் அவளுக்குப் 'பொம்மைப்புறா மதாம்' என்று பெயர். மூணாவது வீட்டில் ஒரு பென்ஷன் சொல்தா இருந்தார், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். புறாக்கறி மேல் ஆசை. ஒரு காலையில் மதில் ஓரம் பதுங்கி நின்று காற்றுத்துப்பாக்கியால் மரத்தைப் பார்த்துச் சுட்டார். சரியாகப் பட்டது, 'டொக்' என்று சத்தமும் கேட்டது. புறா அசையவில்லை. மறுபடி சுட்டார். மறுபடி 'டொக்'. மாடியிலிருந்து, பிரெஞ்சுக்காரர் பாணி மரியாதையோடு, அவள் குரல் வந்தது.

"அது செத்து ரொம்ப நாளாச்சு மிசே."

தெரு ஒரு வாரம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் அந்தப் புறாவை இறக்கி, துளையில் மெழுகு வைத்து அடைத்துத் திரும்பவும் ஏற்றினாள்.

தெருவில் அவள் மேல் ஒரு குறை உண்டு. யாரையும் 'வாங்க' என்று கூப்பிடமாட்டாள். நம் ஊரில் பகையாளி வந்தால்கூட அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. என் மாமியார் ஒருமுறை உறைமோர் கேட்கப் போய்விட்டு வந்து அன்றெல்லாம் புலம்பினார்கள். வா என்றும் இல்லை, உட்கார் என்றும் இல்லையாம். ஆனால் பேசிக்கொண்டே மணையைக் காலால் நகர்த்திப் போட்டாளாம், காப்பியை அருகில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு மரம் செதுக்கினாளாம். "குடிச்சீங்களான்னுகூடக் கேக்கல" என்றார்கள். குடித்தீர்களா என்று நான் கேட்டேன். "ரெண்டு டம்ளர்" என்றார்கள் மாமியார். மறுநாளும் உறை கேட்கப் போனார்கள், வீட்டில் உறை இருந்தும்.

எனக்கு அந்தக் கலை வராது. நான் கூப்பிடுகிறவள். அமுதா நடக்க ஆரம்பித்ததிலிருந்து காலையிலிருந்து ராத்திரிவரை அவளைக் கூப்பிட்டபடியே இருப்பேன். அமுதா இங்க வா, அமுதா அங்க போவாத, அமுதா சாப்பிடு, கண்ணு ஒரு வாய். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். குழந்தை இளைத்துவிட்டதோ, பால் சரியில்லையோ, நான் வளர்ப்பதுதான் சரியில்லையோ என்று நாளுக்கொரு கவலை.

அமுதாவுக்கு மூன்று வயது நடந்தபோது ஒரு நாள் தோட்டத்துப் பின்கதவு வழியாகக் காணாமல் போனாள். உயிர் போய்விட்டது எனக்கு. ஓடிப் பார்த்தால் அடுத்த வீட்டு மாடியில், அந்தக் கழிகளுக்கு நடுவே, உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு தட்டில் தயிர்சோறு. யாரும் ஊட்டவில்லை. தானே எடுத்துத் தின்றுகொண்டு, கண்ணை மரத்திலிருந்து எடுக்காமல் இருக்கிறாள். அடுத்த வீட்டுக்காரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூங்கிலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். 'உன் பொண்ணு வந்தா' என்றோ, 'நான்தான் கூட்டிவந்தேன்' என்றோ ஒன்றும் சொல்லவில்லை. நான் நன்றி சொன்னேன். என் கையால் ஒரு பிடி இறங்காத வயிற்றில் அவள் வீட்டுச் சோறு ஒரு தட்டு இறங்கியிருக்கிறது.

அதன் பிறகு அமுதா நாள் தவறாமல் போனாள். தடுத்தேனா என்றால், இல்லை. தடுக்க என்ன காரணம் சொல்வது? குழந்தை சாப்பிடுகிறது, சதை பிடிக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நான் சமையலறையில் நின்று ஜன்னல் வழியாக மாடியைப் பார்ப்பேன். காலையில் எழுந்ததும் அடுத்த வீட்டுக்காரி பஞ்சாலைப் புகைபோக்கியைத்தான் பார்ப்பாள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிராகப் புறாவின் மூக்கு இருக்க வேண்டும். நிஜப் பறவை காற்றுக்கு முதுகு காட்டி உட்காராது. அதனால் காற்று மாறின நாட்களில் புறாக்களை இறக்கித் திருப்பி மாட்டுவாள். என் மகளும் அவள் பக்கத்தில் நின்று புகைபோக்கியைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு காத்து கடல்லேந்து வருதும்மா" என்பாள். நான் கற்றுத்தராத ஒன்று அவள் வாயில் வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. ஒரு நாள் மரத்தைக் காட்டிப் பிரெஞ்சில் 'பிஜோன்' என்றாள். புறான்னு சொல்லு என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, வாய்க்குள் 'பிஜோன்' என்றாள்.

அரசம்பழம் பழுத்த மாதத்தில் அவை வந்தன. நான் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தேன். மாடியில் இருவரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் இருக்காத என் பெண், வாயில் விரலை வைத்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல். உச்சிக்கிளையில் பொம்மைப் புறாக்கள் நின்ற இடத்தில் இலைகள் அசைந்தன. பிறகு மஞ்சள் கால் ஒன்று தெரிந்தது. பொம்மைகளுக்குக் கால் கிடையாது. அப்போதுதான் இலை என்று நான் நினைத்ததெல்லாம் பறவை என்று புரிந்தது. அவ்வளவு அழகு. பார்த்துக்கொண்டே நின்றதில் கடுகு கருகிவிட்டது.

யாராவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம். மாடிப்படி எத்தனை தூரம்? அவள் கூப்பிடமாட்டாள், அது தெரிந்ததுதான். என் மகள் கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? அன்று மத்தியானம் அவளைக் கேட்டேன். "சத்தம் போட்டா போயிடும்மா" என்றாள். நியாயமான பதில். நியாயமான பதில்தான் ரொம்ப வலிக்கிறது.

நானும் ஒரு முயற்சி செய்தேன். எங்கள் பக்கத்துக் கிளையில் நானே ஒரு பறவை வைத்தால் குழந்தை நம் தோட்டத்திலேயே இருக்குமே என்று தோன்றியது. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியின் நுனியில், கொலுப்பெட்டியிலிருந்து எடுத்த மண்கிளியைக் கயிற்றால் கட்டித் தூக்கினேன். பாதி தூரம் போவதற்குள் தொரட்டி சாய்ந்து, கிளி துவைக்கிற கல்லின் மேல் விழுந்து தூளாயிற்று. அமுதா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "பெரிம்மாவக் கேட்டா குடுத்திருப்பாங்கல்ல" என்றாள். மறுநாள் காலையில் பின்கதவுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு புதுக் கழி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, எண்ணெய் தடவி, குழாய் மாட்டி. நான் அதைத் தொடவில்லை. மழைக்காலம் முழுக்க அங்கேயே நனைந்தது.

'பெரிம்மா' என்றாள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய முள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டுவந்தேன், அம்மாவின் அக்கா பெரியம்மா, முறை சரிதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் அம்மா இருக்கிறாள், அதுவும் பெரிய அம்மா. அப்படியென்றால் நான் யார், சின்னவளா? ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தால், குழந்தை அத்தை என்றுதானே சொல்ல வேண்டும்? அத்தை என்றால் கொஞ்சம் தள்ளி நிற்கிற உறவு.

மறுநாள் பின்கதவில் நின்று, "அண்ணி, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குங்களா?" என்றேன்.

அவள் செதுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நேத்துவரைக்கும் அக்காவா இருந்தேன்."

"வயசுல பெரியவங்க... அதான்."

"சரி. அப்ப எங்க வீட்டுக்காரரு உனக்கு அண்ணன்" என்றாள். சிரித்தாளா என்று கவனிப்பதற்குள் கறிவேப்பிலை ஒடிக்கத் திரும்பிவிட்டாள்.

அமுதா ஒரு வாரத்தில் அத்தை என்று சொல்லப் பழகிவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் அவள் கணவர் வேட்டி சட்டையோடு எங்கள் வாசலில் நிற்கிறார், கையில் கரும்பு, மஞ்சள்கொத்து, புது அரிசி, வெல்லம், எனக்கு ஒரு புடவை. பின்னால் அவள், தட்டை ஏந்திக்கொண்டு. தங்கச்சிக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்திருக்கிறாராம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. கல்யாணமாகி ஒரு பொங்கலுக்கும் எனக்கு யாரும் சீர் கொண்டுவந்ததில்லை. மாமியார் அதைக் குத்திக்காட்டாத பொங்கலும் இல்லை. அன்று மாமியார் வாசல்வரை போய் ஆரத்தி எடுத்தார்கள். நான் புடவையை வாங்கிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த மனுஷருக்கு வழி திறந்தது நான். தள்ளிவைக்கப்போய் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

அமுதாவுக்கு ஐந்தாம் வயதில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அதுவரை யாரை உட்காரவைப்பது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், கடலூரில் ஒரு தூரத்து அண்ணன் முறைக்காரருக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட. என் வீட்டுக்காரர் சிரித்தார். "சீர் கொண்டாந்த அண்ணன் பக்கத்து வீட்லயே இருக்காரு, நீ கடலூருக்கு ஆள் தேடுற."

தோட்டத்தில் மரநிழலில் பாய் விரித்தோம். குழந்தைக்கு வலிக்குமே என்று ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் இல்லை. ஊசி சுத்தமாக இருக்குமா, சீழ் பிடிக்குமா, பயந்து காய்ச்சல் வருமா? அழுததும் வாயில் போடச் சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். அழுதால் என்னிடம்தான் தாவுவாள், தூக்கிக்கொள்ள வேண்டும் என்று புடவையை இழுத்துச் செருகியிருந்தேன். மாமன் மடியில் அவள் உட்கார்ந்தாள். ஆசாரி கம்பியை எடுத்ததுமே உதடு பிதுங்கியது. சபையில் அத்தைக்காரியைக் காணோம். தட்டு பிடிக்க வேண்டியவள் எங்கே போனாள் என்று மாமியார் முணுமுணுத்தார்கள்.

அப்போது மதிலுக்கு மேல் கோல் வளர்ந்தது.

நுனியில் ஒரு புறா, அன்றுவரை நாங்கள் பார்க்காதது. மார்பில் மஞ்சள் பூசியிருந்தது. ஆடிக்கொண்டே ஏறியது. அமுதாவின் உதடு அப்படியே நின்றது. தலை மேலே போயிற்று, வாய் திறந்தது. ஒரு காது ஆயிற்று. புறா கிளையைத் தொட்டு வழுக்கியது, மறுபடி தொட்டது. இன்னொரு காது ஆயிற்று. கொக்கி விழுந்தது, கோல் இறங்கியது. ஆசாரி சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் குழந்தை ஒரு கையால் காதைத் தொட்டுப் பார்த்து, "மாமா, அது புதுசா?" என்று கேட்டாள்.

அழவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும், இப்படி ஒரு காதுகுத்தை நாங்கள் பார்த்ததில்லை என்றார்கள். என் கையிலிருந்த சர்க்கரை வியர்வையில் கரைந்து பிசுபிசுத்தது. அவள் கீழே வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "காத்து மாறிடுச்சு, திருப்பி மாட்டினேன்" என்றாள் மாமியாரிடம். காற்று அன்று உண்மையிலேயே மாறியிருந்தது, நான் புகைபோக்கியைப் பார்த்தேன். ஆனால் புதுப் புறா எதற்கு? மஞ்சள் மார்பு எதற்கு? முகூர்த்த நேரத்திலா மாட்டவேண்டும்? இதையெல்லாம் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும்? எனக்காகத்தான் செய்தேன் என்றால் நான் அவளுக்குக் கடமைப்பட்டவள். குழந்தைக்காக என்றால் அதைத் தாங்கமாட்டேன். பறவைக்காக என்றால் நம்பமாட்டேன். கேட்கவில்லை.

அந்த வருஷமே அவள் கணவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. அவள் புறாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். கழிகளைப் பிரித்துக் கட்டினாள். அமுதா கூடவே நின்று குழாய்களைக் கழற்றிக் கொடுத்தாள். போகும்போது அண்ணி கட்டிப்பிடித்து அழுவாள், குழந்தையின் கையில் ஒரு புறாவைக் கொடுப்பாள் என்றெல்லாம் எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். ஒன்றும் இல்லை. குழந்தையின் காதை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள், துளை ஆறியிருக்கிறதா என்று. பிறகு வண்டியில் ஏறிவிட்டாள்.

அமுதாவுக்கு அன்று சாயங்காலமே காய்ச்சல். நான் பக்கத்தைவிட்டு நகரவில்லை. காய்ச்சல் இறங்கினதும் நான் ஊட்டின கஞ்சியைக் குடித்தாள், மறுக்காமல். அப்போது எனக்கு நிறைவாக இருந்தது, ஒளிப்பானேன்.

இப்போது அவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போட்டதைச் சாப்பிடுகிறாள், சொன்னதைச் செய்கிறாள். வாத்தியாரம்மா இவளைப் போல அடக்கமான பெண் வகுப்பிலேயே இல்லை என்கிறார். கடைக்குப் போனால் ரிப்பன் சிவப்பா நீலமா என்று கேட்பேன். முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். என் கண் எதன் மேல் நிற்கிறதோ அதைக் காட்டுவாள். இதை நான் கவனித்ததே சமீபத்தில்தான். கவனித்ததிலிருந்து கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைக்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

போன மாதம் அண்ணனும் அண்ணியும் ஆபீஸ் வேலையாகப் புதுச்சேரிக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அமுதா கதவருகே நின்றாள். ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகு போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அண்ணியின் முகம் ஒரு கணம் மாறியது. என்ன நினைத்தாள் என்று தெரியாது.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "லீவு விட்டதும் புள்ளைய மாமன் வீட்டுக்கு அனுப்பும்மா. ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றாள். அவள் வாயைத் திறந்து அனுப்பு என்று கேட்டிருந்தால், கோடை வெயில், பஸ் பிரயாணம், ஒத்துக்கொள்ளாத தண்ணீர் என்று நான் ஏதாவது சொல்லி மறுத்திருப்பேன். கேட்காதவளுக்கு எப்படி மறுப்பது?

என் வீட்டுக்காரர் அனுப்பலாம் என்கிறார். மாமியார், "லீவுக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்புவாங்க? அண்ணின்னு வாயாறக் கூப்புட்டது நீதான" என்கிறார்கள். எனக்கு இரண்டு பயம். போனால், ஒரு மாதம் கழித்துத் திரும்பிவர மனசில்லாமல் திரும்பிவருவாளோ என்று ஒன்று. அனுப்பாவிட்டால் அதற்கும் சரி என்று தலையாட்டிவிடுவாளே என்பது மற்றொன்று. இரண்டாவது பயம் எனக்குப் புதிது.

நேற்றுத் தலை பின்னும்போது அவளிடமே கேட்டேன். பின்னல் போடும்போது முகம் தெரியாது, அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"காரைக்காலுக்குப் போறியா கண்ணு?"

"நீ என்ன சொல்றியோ அதும்மா."

"நான் சொல்றது இருக்கட்டும். உனக்குப் போக ஆசையா இருக்குதா?"

பின்னல் என் கையிலிருந்து நழுவும்படி அவள் முழுசாகத் திரும்பினாள். என் முகத்தைத் தேடிப் பார்த்தாள், பாடம் ஒப்பிக்கும்போது மறந்துபோன வரியைத் தேடுவாளே, அப்படி.

"எதும்மா சரி?" என்றாள்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கின சகோதரிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். அனுப்பவா வேண்டாமா என்பதைக்கூட நீங்கள் சொல்ல வேண்டாம். என் முகத்தில் பதிலைத் தேடாமல் அந்தப் பெண் தன் மனசில் இருப்பதை என்னிடம் சொல்ல, நான் அவளிடம் எப்படிக் கேட்க வேண்டும்? யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். பள்ளிக்கூடம் மூட இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.